மூட்டை முடிச்சோடு குடிவரும் செல்கள்

வேர்க்கடலை ஒவ்வாத ஒருவர் தன் ஸ்டெம் செல்லை இன்னொருவருக்குத் தானம் செய்கிறார். பெற்றுக்கொண்டவர் அதுவரை கடலையைக் கை நிறைய அள்ளித் தின்றவர். சிகிச்சை முடிந்து, உடம்பு தேறி, சில மாதங்கள் கழித்து ஒருநாள் கடலை சாப்பிடுகிறார். உதடு வீங்குகிறது, தோல் தடிக்கிறது. கட்டுக்கதை இல்லை. கொடுத்தவரின் ஒவ்வாமை பெற்றவருக்கு வந்துசேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அபூர்வம்தான், ஆனால் நடக்கிறது.

ரத்த வகை மாறுவது அபூர்வம்கூட இல்லை. ஓ வகைக்காரரின் செல்கள் ஏ வகைக்காரருக்குப் போனால், சில மாதங்களில் பெற்றவரின் ரத்தமும் ஓ வகையாகிவிடும். ரத்தத்தை உண்டாக்கும் ஊற்றே மாறிவிட்டதே!

இந்த மாதிரி கொடையாளரின் வயது, பாலினம், அவருக்கு வந்துபோன தொற்றுகள், பிறவியிலேயே அமைந்த மரபணுக்கள் எல்லாம் செல்களோடு மூட்டை முடிச்சாகக் கூடவே வருகின்றன. அந்த மூட்டையில் இருப்பவை பெற்றவரின் எதிர்ப்பாற்றலை எப்படி வடிவமைக்கின்றன என்று பார்ப்போம்.

பைக்குள் இரண்டு தலைமுறை

சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாமே எலும்பு மஜ்ஜையில் உள்ள ரத்த ஸ்டெம் செல்களிலிருந்து பிறப்பவை. ரத்தப் புற்றுநோயிலும் சில பிறவிக் குறைபாடுகளிலும் அந்த ஊற்று கெட்டுவிடுகிறது. அப்போது மருந்தாலோ கதிர்வீச்சாலோ பழைய ஊற்றை ஒடுக்கிவிட்டு, இன்னொருவரின் ஸ்டெம் செல்களை ரத்தக்குழாய் வழியே ஏற்றுகிறார்கள். பார்ப்பதற்கு ரத்தம் ஏற்றுவது போலத்தான் இருக்கும். ஏறிய செல்கள் ரத்த ஓட்டத்தில் சுற்றி, தாமாகவே மஜ்ஜைக்கு வழி கண்டுபிடித்துக் குடியேறுகின்றன. தன் செல்லையே எடுத்து வைத்துத் திரும்ப ஏற்றிக்கொள்ளும் முறையும் உண்டு. அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

ஸ்டெம் செல் மாற்று என்ற பெயர் கொஞ்சம் ஏமாற்றும். ஏற்றப்படும் பைக்குள் ஸ்டெம் செல்கள் மிகச் சிறிய பங்குதான். மீதியில் கொடையாளரின் உடலில் ஏற்கெனவே வளர்ந்து, பழகி, பல நோய்க்கிருமிகளைச் சந்தித்த செல்கள் ஏராளம்: தொற்றுள்ள செல்லைக் குறிபார்த்துத் தாக்கும் டி செல்கள், எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்கள், இயற்கைக் கொல்லிகள் எனப்படும் என்.கே. செல்கள். விதை நெல்லோடு வளர்ந்த நாற்றையும் சேர்த்து அனுப்பியதுபோல.

இந்த இரண்டு தலைமுறையும் வேலைக்கு வரும் நேரம் வேறு வேறு. வளர்ந்தவை முதல் நாளிலிருந்தே களத்தில் இருக்கும். ஸ்டெம் செல்கள் மெதுவாகத்தான் தொடங்கும். நியூட்ரோஃபில் என்ற முதல்நிலைக் காவல் செல்கள் எட்டிப்பார்க்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். என்.கே. செல்கள் ஏறக்குறைய ஒரு மாதத்தில் தேறிவிடும். பி செல்களுக்கும் டி செல்களில் உதவியாளர் வகைக்கும் பல மாதங்கள், சிலருக்கு இரண்டு ஆண்டுகள்கூடத் தேவைப்படும். அதனால்தான் பெற்றவருக்குத் தடுப்பூசிகளையே மறுபடி முதலிலிருந்து போடுகிறார்கள். செயலிழக்கச் செய்த கிருமி ஊசிகள் மூன்று முதல் ஆறு மாதங்களில் தொடங்கும். உயிருள்ள கிருமி ஊசிகளுக்கு இரண்டு ஆண்டாவது காத்திருக்க வேண்டும்.

கொடையாளரின் எந்தப் பண்பைப் பற்றிப் படித்தாலும் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இது வளர்ந்த செல்கள் வழியாக வேலை செய்கிறதா, ஸ்டெம் செல் வழியாகவா? பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

முதல் சல்லடை

எல்லாப் பண்புகளுக்கும் முன்னால் நிற்பது எச்.எல்.ஏ. பொருத்தம். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் இந்தப் புரதங்கள் ஓர் அடையாள அட்டை. டி செல் அதைப் பார்த்துத்தான் நம்மவரா அந்நியரா என்று முடிவு செய்யும். பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசே 1958இல் இந்தக் குடும்பத்தின் முதல் உறுப்பினரைக் கண்டார், 1980இல் நோபல் பரிசு பெற்றார். இதற்கான மரபணுக்கள் 6ஆவது குரோமோசோமில் கூட்டமாக இருப்பதால் பெரும்பாலும் மொத்தமாகவே பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும். தந்தையிடமிருந்து ஒரு தொகுப்பு, தாயிடமிருந்து ஒரு தொகுப்பு. கணக்குப் போட்டால், கூடப் பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

வீட்டில் பொருத்தம் இல்லாதவர்களுக்காகத்தான் பதிவகங்கள் வந்தன. மகன் ஆன்டனிக்குக் கொடையாளர் தேடிய ஷெர்லி நோலன் 1974இல் லண்டனில் தொடங்கியது உலகின் முதல் பதிவகம். மகன் 1979இல் இறந்துபோனான், பதிவகம் நிலைத்தது. இன்று உலகப் பதிவகங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

எச்.எல்.ஏ. பொருந்திவிட்டால் எல்லாம் சரியா? இல்லை. முழுப் பொருத்தமுள்ள அண்ணன் தம்பிக்குள்ளும் சின்னச் சின்னப் புரத வேறுபாடுகள் ஆயிரம் இருக்கும். வளர்ந்த டி செல்கள் அவற்றை மோப்பம் பிடித்து, பெற்றவரின் தோல், குடல், கல்லீரல் ஆகியவற்றைத் தாக்கத் தொடங்கினால் அதுதான் கிராஃப்ட் வெர்சஸ் ஹோஸ்ட் டிசீஸ், சுருக்கமாக ஜி.வி.எச்.டி. வழக்கமான உறுப்பு மாற்றில் உடல் உறுப்பை நிராகரிக்கும். இங்கே வந்தவர் வீட்டுக்காரரை நிராகரிக்கிறார்.

ஆனால் அதே டி செல்கள்தான் ஒளிந்திருக்கும் மிச்சப் புற்றுநோய் செல்லையும் தேடி அழிக்கின்றன. 1979இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஜி.வி.எச்.டி. வந்தவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் திரும்புவது குறைவு என்று காட்டியது. ஒட்டுமொத்த மரபணுவும் ஒன்றாக இருக்கும் இரட்டையரிடமிருந்து பெற்றால் ஜி.வி.எச்.டி. பெரும்பாலும் தலைகாட்டாது, ஆனால் புற்றுநோய் திரும்பும் ஆபத்து கூடும். கொஞ்சம் அந்நியமாக இருப்பதில் லாபமும் உண்டு. கீழே வரும் ஒவ்வொரு பண்பிலும் இந்த இருமுனைக் கத்தியைப் பார்ப்பீர்கள்.

வயது

எச்.எல்.ஏ.க்கு அடுத்து எதைப் பார்ப்பது என்று கேட்டால், என் பதில் தயங்காமல் வயது. பதிவகங்கள் பெரும்பாலும் 35 வயதுக்கு உட்பட்டவர்களைத் தேடுவதற்கு வெறும் உடல் வலு காரணமில்லை. உறவினரல்லாத கொடையாளர்களைப் பற்றிய பெரிய ஆய்வுகளில், கொடையாளரின் வயது பத்தாண்டு கூடும்போது பெற்றவரின் இறப்பு ஆபத்து சுமார் 5 சதவீதம் ஏறியது. தனியாகப் பார்த்தால் சிறிய எண். 25 வயதுக்காரரா 55 வயதுக்காரரா என்று தேர்வு வரும்போது அது சிறிய எண்ணாக இருக்காது.

ஏன் அப்படி? ஸ்டெம் செல் பக்கத்திலிருந்து தொடங்கலாம். பிரிட்டனின் சாங்கர் நிறுவனமும் சூரிச் ஆய்வாளர்களும் 2024இல் ஓர் அழகான வேலை செய்தார்கள். கூடப் பிறந்தவர்களுக்குள் மாற்று நடந்த 10 ஜோடிகளை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு மாற்று நடந்து 31 ஆண்டுகள் வரை ஆகியிருந்தது. செல்களின் மரபணுவில் படிந்திருக்கும் சிறு மாற்றங்களை வைத்து வம்சாவளி வரைந்தார்கள். இளம் கொடையாளரிடமிருந்து வந்தவற்றில் சுமார் 30,000 ஸ்டெம் செல்கள் நிலைத்து ரத்தம் தந்துகொண்டிருந்தன. வயதானவர்களிடமிருந்து வந்தவற்றில் ஓராயிரம் முதல் மூவாயிரம் வரைதான். குறைந்த ஆட்களை வைத்துப் பெரிய குடும்பத்தை நடத்தும் நிலை. அந்தச் சிலவற்றில் ஒன்று கோளாறானாலும் அதன் வாரிசுகள் ரத்தத்தில் பெரும் பங்கைப் பிடித்துவிடும்.

அந்தக் கோளாறுக்கும் பெயர் இருக்கிறது. வயதாக ஆக, ஏதோ ஒரு ஸ்டெம் செல்லில் டெட்2, டி.என்.எம்.டி.3ஏ போன்ற மரபணுக்களில் மாற்றம் விழுந்து, அந்த ஒரு செல்லின் குலம் மட்டும் மற்றவற்றை முந்திப் பெருகும். குளோனல் ஹீமட்டோபொயசிஸ் என்பார்கள். 70 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இது உண்டு, பெரும்பாலோருக்கு வாழ்நாளெல்லாம் தெரியவே தெரியாது. அப்படிப்பட்ட ஒருவர் தானம் செய்தால் அந்தக் குலமும் சேர்ந்தே குடிபெயரும். அதிலிருந்து பிறக்கும் வெள்ளையணுக்கள் அழற்சியைத் தூண்டும் சுபாவம் கொண்டவை. 55 வயதும் அதற்கு மேலுமான கொடையாளர்களை ஆராய்ந்தபோது, இந்தக் குலம் இருந்தவர்களிடமிருந்து பெற்றவர்களுக்கு நாள்பட்ட ஜி.வி.எச்.டி. அதிகம் வந்தது. புற்றுநோய் திரும்புவதோ குறைந்தது. மறுபடியும் அதே கத்தி.

வளர்ந்த செல்களின் பக்கம் வந்தால் ஒரு புதிர். டி செல்களில் இதுவரை எதையும் சந்திக்காத கன்னி டி செல் ஒரு வகை, ஏற்கெனவே ஒரு கிருமியைப் பார்த்து நினைவில் வைத்திருக்கும் நினைவு டி செல் இன்னொரு வகை. எதையும் சந்திக்காதவற்றுக்குள் எந்த அந்நியப் புரதத்துக்கும் பொருந்தும் ஆள் ஒருவர் இருப்பார் என்பதால், ஜி.வி.எச்.டி.யைக் கிளப்புவதில் அவற்றுக்குத்தான் பெரிய பங்கு. பையிலிருந்து கன்னி டி செல்களை மட்டும் வடிகட்டி நீக்கிவிட்டு மீதியை ஏற்றிய சிகிச்சைகளில் நாள்பட்ட ஜி.வி.எச்.டி. நன்றாகவே குறைந்தது. இளையவர்களிடம்தான் கன்னி டி செல் அதிகம். அப்படியானால் இளையவர் தானம்தானே மோசமாக இருக்க வேண்டும்? நடைமுறையில் தலைகீழாக இருக்கிறது. ஒரு பண்பை ஒரே செல் வகையோடு முடிச்சுப் போட்டுக் கணக்கை மூடிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கன்னித்தன்மையின் நல்ல பக்கத்தைப் பார்க்கத் தொப்புள்கொடி ரத்தம் இருக்கிறது. 1988இல் பாரிஸில் எலியான் க்ளுக்மன் குழு, ஃபான்கோனி ரத்தசோகை என்ற பிறவிக் குறைபாடு இருந்த ஒரு சிறுவனுக்கு அவன் தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றி வென்றது. பிறந்த குழந்தையின் டி செல்கள் எதையும் பார்க்காதவை மட்டுமல்ல, முதிராதவையும்கூட. அதனால் எச்.எல்.ஏ. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பொறுத்துக்கொள்கின்றன. விலையாக, கிருமிகளைப் பற்றிய நினைவு எதுவும் கிடையாது. முதல் சில மாதங்களில் வைரஸ் தொற்றுகள் படுத்தி எடுத்துவிடும்.

பழைய தொற்றின் தழும்பு

சைட்டோமெகாலோ வைரஸ், சுருக்கமாக சி.எம்.வி. உலகில் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் உடலுக்குள் இது இருக்கிறது. ஒருமுறை வந்தால் போகாது, சத்தமில்லாமல் ஒளிந்திருக்கும். நல்ல ஆரோக்கியம் உள்ளவருக்கு இதனால் தொல்லை இல்லை, ஏனென்றால் உடல் விடாமல் காவல் காக்கிறது. அந்தக் காவலின் செலவைக் கேளுங்கள்: தொற்று உள்ளவரின் ரத்தத்திலுள்ள நினைவு டி செல்களில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு இந்த ஒரே வைரஸுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது.

ஸ்டெம் செல் மாற்றின்போது காவல் கலைகிறது. வைரஸ் விழித்தால் நுரையீரலையும் குடலையும் பதம் பார்க்கும். இப்போது கொடையாளரைத் தேர்வு செய்ய வேண்டும். பெற்றுக்கொள்பவருக்கு சி.எம்.வி. வந்ததே இல்லை என்றால், வராத கொடையாளர்தான் நல்லது. இல்லாவிட்டால் பையோடு சேர்த்து வைரஸையும் ஏற்றியதாகிவிடும். பெற்றுக்கொள்பவரிடம் ஏற்கெனவே வைரஸ் இருந்தால்? வராத கொடையாளரின் டி செல்கள் அந்த எதிரியைப் பார்த்ததே இல்லை. வீட்டுக்குள் எதிரி, வந்தவருக்கோ முகமே தெரியாது. வைரஸ் விழிப்பதில் இந்தச் சேர்க்கைதான் அதிகத் தொல்லை தருவது. அங்கே சி.எம்.வி. வந்துபோன கொடையாளர், பயிற்சி பெற்ற படையையே கூட அனுப்புகிறார்.

ஒரே பண்பு, ஒருவருக்கு ஆகாது, இன்னொருவருக்கு வேண்டும். நல்ல கொடையாளர் என்று பொதுவாக ஒருவரைச் சொல்ல முடியாது, இந்த நோயாளிக்கு நல்ல கொடையாளர் என்றுதான் சொல்ல முடியும். 2017இல் லெட்டர்மோவிர் என்ற தடுப்பு மருந்து வந்த பிறகு இந்தக் கவலை ஓரளவு குறைந்திருக்கிறது.

ஆண், பெண், தாய்

ஆண்களின் செல்களில் ஒய் குரோமோசோம் உருவாக்கும் புரதங்கள் உண்டு. பெண்ணின் டி செல்கள் அவற்றைப் பார்க்காமலே வளர்ந்தவை. அதனால் பெண் கொடுத்து ஆண் பெறும்போது நாள்பட்ட ஜி.வி.எச்.டி. கூடுதலாக வருகிறது. அந்தப் பெண் பிள்ளை பெற்றவராக இருந்தால் இன்னும் சற்று அதிகம். கர்ப்ப காலத்தில் குழந்தையின் செல்கள் தாயின் ரத்தத்துக்குள் கசியும். மகனைப் பெற்று 27 ஆண்டுகள் கழித்தும் ஒரு தாயின் ரத்தத்தில் ஆண் செல்கள் இருந்ததை 1996இல் கண்டுபிடித்தார்கள். மகனின் செல்கள் தாயின் எதிர்ப்பாற்றலுக்கு ஒய் புரதங்களை அறிமுகம் செய்து வைத்துவிடுகின்றன.

இதைப் படித்துவிட்டு அக்கா கொடுத்தால் தம்பிக்கு ஆகாது என்று முடிவுகட்ட வேண்டாம். முழுப் பொருத்தமுள்ள அக்காவை விட்டுவிட்டு வெளியே தேடப் போகிறவர் யாரும் இல்லை. சம தகுதியுள்ள இருவர் இருந்தால்தான் இது கணக்கில் வரும். மேலும் ஒய் புரதங்களைத் துரத்தும் டி செல்கள் ஆணின் புற்றுநோய் செல்லையும் துரத்துவதால், நோய் திரும்புவது சற்றுக் குறைகிறது.

என்.கே. செல்களின் தனி வழி

டி செல் அந்நிய அட்டையைப் பார்த்துத் தாக்கும். என்.கே. செல் அதற்கு நேர்மாறு, எதிர்பார்க்கும் அட்டை இல்லாவிட்டால் தாக்கும். அட்டையைச் சரிபார்க்கும் ஏற்பிகளுக்கு கே.ஐ.ஆர். என்று பெயர். அவற்றின் மரபணுக்கள் 19ஆவது குரோமோசோமில் இருக்கின்றன. எச்.எல்.ஏ.வோ 6ஆவதில். இரண்டும் தனித்தனியாகப் பிள்ளைகளுக்குப் போவதால், எச்.எல்.ஏ. முழுதாகப் பொருந்திய அண்ணன் தம்பிக்குள்ளும் கே.ஐ.ஆர். வேறாக இருக்கலாம்.

இத்தாலியின் பெருஜா நகரில் ஆந்த்ரேயா வெலார்தி குழு 2002இல் இதை வைத்து எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. பாதிப் பொருத்தமுள்ள உறவினரிடமிருந்து டி செல்களை நீக்கி ஏற்றிய மாற்றுகள் அவை. கொடையாளரின் என்.கே. செல்கள் எதிர்பார்க்கும் அட்டை நோயாளியிடம் இல்லாத ஜோடிகளில், மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. ஜி.வி.எச்.டி.யும் கூடவில்லை. வேறு முறையில் மாற்று செய்த இடங்களிலெல்லாம் இவ்வளவு தெளிவான பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒற்றை மரபணுவின் அதிர்ஷ்டம்

மூட்டையில் எப்போதாவது புதையலும் வரும். பெர்லினில் வாழ்ந்த டிமத்தி ரே பிரவுனுக்கு எச்.ஐ.வி.யோடு ரத்தப் புற்றுநோயும் வந்தது. எச்.ஐ.வி. டி செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் கதவுகளில் ஒன்று சி.சி.ஆர்.5. வட ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றில் ஒருவருக்கு, பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்து, இந்தக் கதவே இருக்காது. மருத்துவர் கெரோ ஹ்யூட்டர் பொருத்தமான கொடையாளர்களை ஒவ்வொருவராகச் சோதித்துக்கொண்டே போய், 61ஆவது ஆளிடம் அதைக் கண்டார். 2007இல் மாற்று, அன்றே எச்.ஐ.வி. மருந்து நிறுத்தம். புற்றுநோய் திரும்பியதால் 2008இல் அதே கொடையாளரிடமிருந்து இன்னொரு முறை. வைரஸ் திரும்பவே இல்லை. 2020இல் அவர் இறந்தது ரத்தப் புற்றுநோயால், அப்போதும் எச்.ஐ.வி. இல்லை.

இது முழுக்க ஸ்டெம் செல் வழியாக வந்த பண்பு. புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு டி செல்லும் கதவில்லாமலே பிறக்கும்.

வந்தவர் படிக்கும் பள்ளி

இத்தனை சொன்ன பிறகு, கொடையாளரின் பண்புகளின் எடை எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் சேர்க்க வேண்டும். மஜ்ஜையிலிருந்து எடுக்காமல் கை நரம்பு ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தால் பையில் டி செல்கள் சுமார் பத்து மடங்கு இருக்கும். 2012இல் வெளியான ஒப்பீட்டில் நாள்பட்ட ஜி.வி.எச்.டி. ரத்த வழியில் 53 சதவீதம், மஜ்ஜை வழியில் 41 சதவீதம். உயிர் பிழைத்தோர் எண்ணிக்கையில் வித்தியாசமில்லை. இன்னொன்று, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் வளர்த்தெடுத்த முறை. மாற்று முடிந்த 3, 4ஆம் நாட்களில் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தைக் கொடுப்பார்கள். பெற்றவரின் உடலைப் பார்த்ததும் வெறிகொண்டு பெருகத் தொடங்கிய டி செல்கள் அதில் அடிபடும், அமைதியாக இருந்தவை தப்பிக்கும். பாதிப் பொருத்தமே போதும் என்ற நிலையை இது கொண்டுவந்தது. அதனால்தான் இன்று மருத்துவர் ஒருவர், முழுப் பொருத்தமுள்ள 65 வயது அண்ணனா, பாதிப் பொருத்தமுள்ள 25 வயது மகளா என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

பெற்றவரின் பங்கும் உண்டு. ஸ்டெம் செல்லிலிருந்து பிறக்கும் புதிய டி செல்கள் நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில்தான் பாடம் படிக்க வேண்டும். யாரைத் தாக்கலாம், யாரைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அங்கேதான். அந்தத் தைமஸ் பெற்றவருடையது. சிறுவர்களுக்கு அது பெரிதாக, சுறுசுறுப்பாக இருக்கும். வயதாக ஆகச் சுருங்கிக் கொழுப்பாகிவிடும், சிகிச்சையும் ஜி.வி.எச்.டி.யும் அதை மேலும் சேதப்படுத்தும். இருபது வயதுக்காரரின் அருமையான ஸ்டெம் செல் வந்தாலும், அறுபது வயதுக்காரரின் பள்ளியில் வகுப்பறைகள் கொஞ்சம்தான் திறந்திருக்கும்.

திறந்திருக்கும் அந்த வகுப்பறைகளில் படித்து வெளிவரும் டி செல், மரபணுவால் கொடையாளருடையது, பாடத்தால் பெற்றவருடையது. புது வீட்டை அது தன் வீடாகத்தான் பார்க்கும். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர் எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரையை ஆயுள் முழுக்க விழுங்க, ஸ்டெம் செல் பெற்றவர்களில் பலர் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ அதை நிறுத்திவிடுவது இதனால்தான்.